குட்டிச்சுவர்ப் பிரதி

மனித குலம் உருப்படியாகக் கண்டுபிடித்தவை மூன்றே மூன்று. ஒன்று நெருப்பு. இரண்டு சக்கரம். மூன்று, முனைவர் செம்பியனின் ‘துள்ளல்’ ஊசி. நடுவில் வந்த அச்சு இயந்திரம், மின்சாரம், கணினி எல்லாம் இடைவேளையில் விற்ற முறுக்கு.

இதைச் சொன்னவர் முனைவர் செம்பியன். பொன்னிவளம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் ஆண்டு விழா மேடையில், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு கோடு அசையாமல் சொன்னார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது.

“சும்மா!” என்று முழங்கினார். “எதுக்கு வந்தீங்க? சும்மா. என்ன பண்றீங்க? சும்மா. ஏன்டா அவன அடிச்ச? சும்மா. ஒரு சொல்ல விரிச்சுப் போட்டு ஒரு இனமே அதுமேல படுத்துத் தூங்குது. அடுத்த ஆண்டு விழாவுக்குள்ள இந்த வளாகத்துல சும்மா இருக்குற ஒரு ஆள் இருக்க மாட்டான். சும்மா இருக்குற ஒரு மரபணுகூட இருக்காது!”

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். ஏன் அடித்தாய் என்று வார்டன் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டபோது அவன் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை.

பல்கலைக்கழகம் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே, இரண்டு ஊரும் ‘எங்க ஏரியா இல்ல’ என்று கைகழுவிவிட்ட ஒரு பொட்டலில் இருந்தது. செம்பியனின் ஆய்வுக்கூடச் சன்னலுக்கு நேர் எதிரே, டீக்கடையை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். பழைய சைக்கிள் ஸ்டாண்டை இடிக்க வந்த ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டுப்போன மிச்சம். செவ்வாய்க் கிரகத்தில் ஆள் இறங்கி, அங்கேயும் ஒருவர் நிலம் வாங்கிப் பட்டா கேட்கும் காலம் வந்த பிறகும் அந்தச் சுவர் அப்படியே நின்றது. அதை இடிக்கச் சொல்லி செம்பியன் எழுதாத அலுவலகம் இல்லை. எல்லா அலுவலகங்களும் பதிலுக்குச் சும்மா இருந்தன.

குட்டிச்சுவர் என்று ஒன்று இருந்தால் அதன்மேல் உட்கார்ந்து குட்டிச்சுவராய்ப் போக ஆளும் இருக்கத்தான் செய்யும். இங்கே இரண்டு பேர். ஒருவன் சவரி. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, லால்குடிக்காரன், ஆறடி உயரம். தனக்கு எத்தனை அரியர் என்று எண்ணுவதை அவன் நிறுத்தி வெகு நாளாயிற்று. இன்னொருவன் நலங்கிள்ளி. சவரியின் வகுப்புத் தோழன்; செம்பியனின் சொந்தத் தம்பி. சவரியைக்கூட மன்னித்துவிடலாம்.

கிள்ளிக்கு ஒரே ஒரு வித்தை தெரியும். ஹாரன் சத்தத்தை வைத்து எந்த பஸ் என்று சொல்லிவிடுவான்.

“செங்கிப்பட்டி வண்டிண்ணே,” என்றான் ஒரு நாள், சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்ற அண்ணனிடம், ரோட்டைப் பார்க்காமலேயே. “தொண்ட கட்டின ஹாரன். ரெண்டு தடவ அடிக்கிறாரு பாரு, லேட்டாயிடுச்சு.”

வளைவில் பஸ் திரும்பியது. செங்கிப்பட்டி என்று போர்டு போட்டிருந்தது. சவரி, உலகக்கோப்பை வாங்கியதுபோல் கைதட்டினான்.

“இதத் தெரிஞ்சு என்னடா பண்ணப் போற?”

“ஒண்ணும் பண்ணல. சும்மா தெரிஞ்சு வச்சிருக்கேண்ணே.”

இந்த ‘அண்ணே’யும் செம்பியனுக்கு ஆகாது. கிள்ளி டீ மாஸ்டரையும் அண்ணே என்பான், வாட்ச்மேனையும் அண்ணே என்பான், பஸ் டிரைவரையும் அண்ணே என்பான். உடன்பிறந்த ஒரே அண்ணனையும் அதே கூட்டத்தில் நிறுத்தி அதே அண்ணேயால் கூப்பிடுவான். முனைவர் பட்டம் வாங்கியதற்காகவாவது ஓர் எழுத்து கூட்டிச் சொல்லக்கூடாதா?

“உருப்படாத பசங்களா,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு செம்பியன் மாடியேறினார்.

மாடியில் நிலோஃபர் இருந்தாள். அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள், புத்தாநத்தத்துக்காரி. உண்மையைச் சொன்னால் பட்டம் தள்ளிப்போகும் என்று தெரிந்தும் சொல்லிவிடும் கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

“சார், பிரேக்க எடுக்க வேணாம் சார்.”

“மறுபடியும் ஆரம்பிக்காத.”

“நம்ம மரபணுத் தொகுப்புல கிட்டத்தட்டப் பாதி இந்தத் தாவிகளும் அதோட மிச்சமும்தான். ஒரு எடத்துலேருந்து கெளம்பி இன்னொரு எடத்துல போய்ச் செருகிக்கிற மரபணு. நாம அதுல ஒண்ண மூளைச் செல்லுக்குள்ள விடப் போறோம். அது தாவத் தாவப் புதுப்புது இணைப்பு வரும், பசங்க கற்பூரமா பத்திக்குவாங்க. எல்லாம் சரி. ஆனா எந்தத் தாவியும் இஷ்டத்துக்குத் தாவறதில்ல சார். அது தன்னத்தானே அடக்கிக்குது.”

“அடக்கம்! ஜீனுக்கு என்ன அடக்கம்? அது என்ன கல்யாணப் பொண்ணா?”

“தாவறதுக்கு ஒரு கத்தரிக்கோல் புரதம் வேணும்ல? தாவியோட நகல் கூடினா கத்தரியும் கூடும். கூடினதும் கத்தரிங்க ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். பந்தியில பரிமாறுற ஆள் அதிகமாப் போனா ஒரு எலைக்கும் சோறு வராது பாருங்க, அந்த மாதிரி. தாவல் தானா கொறஞ்சிடும். நீங்க அந்தக் கத்தரியத் தீட்டி, சிக்காதபடி பண்ணிட்டீங்க.”

“பண்ணிட்டேன்ல?”

“சரி, அது மொத பிரேக். ரெண்டாவது, உடைஞ்சுபோன பழைய பிரதிங்க. அதுங்களும் கத்தரி செய்யும், ஆனா மொண்ணக் கத்தரி. வெட்டாது. வெட்டற எடத்துல போய் உக்காந்துக்கும், அவ்ளோதான். பஸ்ல துண்டு போட்டு எடம் புடிப்பாங்கல்ல? துண்டு டிக்கெட் எடுக்காது, எறங்காது, ஒரு வேலையும் செய்யாது. ஆனா அது கெடக்குற வரைக்கும் வேற எவனும் உக்கார முடியாது. அந்தப் பிரதிங்களையும் உங்க ஊசி வாயடைச்சுடுது.”

செம்பியன் சிரித்தார். அந்த உடைந்த பிரதிகளுக்குத் தன் ஆய்வுக் கட்டுரையில் பெயர் வைத்தவரே அவர்தான்: குட்டிச்சுவர்ப் பிரதிகள். சன்னல் வழியே பார்த்து வைத்த பெயர். ஜெர்மனியில் இரண்டு பேராசிரியர்கள் அதை உச்சரிக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

“ஏம்மா, ஒரு ஜீன் தன்னத்தானே ஏன் அடக்கிக்கணும்? தாவிக்கிட்டே இருந்தா அதுக்குத்தானே லாபம்?”

“குடியிருக்குற வீட்ட இடிச்சுட்டு எங்க சார் போகும்?”

பதில் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் செம்பியனுக்குப் பிடிக்கவில்லை.

ஊசி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தயாரானது. அவரவர் மரபணுவைப் படித்து, அவரவர் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி. குப்பியின் மேல் ரோல் நம்பர். செம்பியன் புகைப்படக்காரர்கள் முன்னிலையில் முதல் ஊசியைத் தானே போட்டுக்கொண்டார். பிறகு மாணவர்கள் துறைவாரியாக வந்தார்கள். அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல நம்பரைக் கூப்பிட, ‘ப்ரெசன்ட்’ என்று சொல்லிக் கையை நீட்டினார்கள். பிறகு விடுதி ஊழியர்கள். வாசலில் பேனர் கட்டினார்கள்: ‘சும்மா இருப்போர் இல்லா வளாகம்’. பேனர் மட்டும் அங்கே சும்மா தொங்கியது.

பலன் உடனே தெரிந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்காம் ஆண்டுப் பாடத்தைச் சாப்பாட்டு நேரத்தில் முடித்தார்கள். விடுதிச் சமையல்காரர் சாம்பார் கொதிக்கும் இடைவெளியில் நேரியல் இயற்கணிதம் போட ஆரம்பித்தார். எல்லோரையும் விடக் கிள்ளிதான் தலைதெறிக்க ஓடினான். ஜெர்மன் கற்றான். வயலின் கற்றான். ஒரு நாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து அண்ணனின் கட்டுரையில் இரண்டு பிழைகளைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனான். தொலைக்காட்சியில் அவனைக் காட்டினார்கள். தங்கள் பிள்ளைக்கும் ஊசி போடச் சொல்லிக் கார்கள் வாசலில் வரிசை கட்டின. குட்டிச்சுவரில் சவரி மட்டும் தனியே உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு மட்டும் ஏன் ஊசி வேலை செய்யவில்லை என்று கேட்டவர்களிடம், “மண்ணுல ஈரம் இல்லன்னா விதை என்ன செய்யும்?” என்றார் செம்பியன்.

முதலில் சாம்பாரில் உப்பு இல்லாமல் போயிற்று. மறுநாள் இரண்டு மடங்கு இருந்தது. போட்டோமா, போடவில்லையா என்று சமையல்காரருக்கே தெரியவில்லை. நூலகர் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வளாகம் முழுக்கத் தேடினார். வயது, என்றார்கள். நிலோஃபர் மட்டும் ரத்த மாதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

“புதுசா ஒண்ணு செருகணும்னா எடம் வேணும்ல சார்? பழசு இருக்குற எடத்துலயே போய்ச் செருகுது. படிக்கப் படிக்க மறக்குறாங்க.”

“எனக்கு ஒண்ணும் மறக்கலயே,” என்றார் செம்பியன். தனக்கு எதுவும் மறந்துபோகவில்லை என்பது அவருக்கு மிக நன்றாக நினைவிருந்தது.

அன்று மாலை திருவையாற்றிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். கிள்ளி செம்பியனின் அறையில் ஏதோ சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தான். செம்பியன் போனை அவன் பக்கம் திருப்பினார்.

“என்னடா கிள்ளி, டிவியில பாத்தேன். எளைச்சுப் போயிட்டியே. சாப்புடுறியா இல்லியா?”

கிள்ளி மிகப் பணிவாக எழுந்து நின்றான்.

“வணக்கம் மேடம். உங்களுக்கு யார் வேணும்?”

அம்மா சிரித்தாள். டிவியில் வந்துவிட்டான் அல்லவா, கிண்டல். “போடா நாயே” என்றாள். கிள்ளி சிரிக்கவில்லை. உதவி செய்ய முடியாததற்கு வருந்தும் வங்கி அலுவலரைப்போல நின்றான். அம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்ததைச் செம்பியன் பார்த்தார்.

“சிக்னல் சரியில்லம்மா,” என்று சொல்லிப் போனை வைத்தார்.

கிள்ளி அவர் பக்கம் திரும்பினான். “தெரிஞ்சவங்களா சார்?”

சார்.

செம்பியன் நிலோஃபரின் அறைக்கு ஓடினார். ஓடினார் என்பது அலங்காரம் இல்லை. ஒரு செருப்பு வராந்தாவிலேயே கிடந்தது. அவள் ஏற்கெனவே கிள்ளியின் முடிவுகளைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இவருக்கு மட்டும் ஏன் இவ்ளோ வேகம்னு பாத்தேன் சார். இவர் ஒடம்புல ரெண்டு தாவி இருக்கு. ஒண்ணு இவருக்குத் தச்சது. இன்னொண்ணு வேற யாருக்கோ தச்சது. அதுதான் வெறி புடிச்சுத் திரியுது. ஊர் பேர் தெரியாத வீட்டுல பூந்த மாடு மாதிரி.”

“வேற யாருக்கோன்னா? யாருது?”

அவள் ரோல் நம்பரைச் சொன்னாள். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு.

சவரி குட்டிச்சுவரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். ஒற்றைச் செருப்போடு வந்து நின்ற பேராசிரியரைப் பார்த்து எழுந்திருக்கவும் தோன்றாமல் கிளாஸைக் கீழே வைத்தான்.

“ஊசி போட்டுக்கிட்டியா நீ?”

சவரி செம்பியனின் காலைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.

“எனக்கு ஊசின்னா பயம் சார். சின்ன வயசுலேருந்து. ஊசியப் பாத்தாலே மயக்கம் வந்துடும். அட்டெண்டன்ஸ் எடுத்தாங்க... கிள்ளி, ‘நீ படுடா, நான் போறேன்’னான்.”

“போறேன்னா?”

“ப்ராக்ஸி குடுத்தான் சார்.”

“ஊசிக்கு ப்ராக்ஸியாடா!”

“நம்பரக் கூப்ட்டாங்க, ப்ரெசன்ட்னு சொன்னான். பழக்கதோஷம் சார். மூணு வருஷமா அவன் எனக்கும், நான் அவனுக்கும்...”

செம்பியன் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்ட பிறகுதான் அது எந்தச் சுவர் என்று தெரிந்தது. பின்னாலேயே வந்த நிலோஃபர், சொல்ல வேண்டாம் என்று நினைத்து, பிறகு சொன்னாள்.

“நீங்க தீட்டாத பழைய தாவியா இருந்தா இந்த ப்ராக்ஸியால ஒண்ணுமே ஆயிருக்காது சார். டோஸ் கூடினதும் கத்தரி சிக்கி, தானா அடங்கியிருக்கும். ரெண்டு மடங்கு போட்டா பாதி வேகம். அது அவ்ளோ விவரமான பிராணி.”

செம்பியன் அவள் பக்கம் திரும்பினார்.

“நிறுத்த முடியுமா?”

“மத்தவங்களுக்கு அவங்கவங்களோட பழைய பிரதிங்களத் திரும்ப எழுப்பிவிட்டாப் போதும். வழி இருக்கு. இவருக்கு அது பத்தாது. அந்த ரெண்டாவது தாவி சவரிக்குத் தச்சது. அதுமேல உக்கார, சவரியோட மொண்ணக் கத்தரிதான் பொருந்தும். சவரியோட...” அவள் தயங்கினாள். கட்டுரையில் இருந்த கலைச்சொல்லை அவளும் பயன்படுத்தியாக வேண்டியிருந்தது. “...குட்டிச்சுவர்ப் பிரதி.”

முனைவர் செம்பியன் வாழ்க்கையில் எத்தனையோ நிறுவனங்களிடம் நிதி கேட்டிருக்கிறார். ஒருமுறைகூட நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை. இப்போது முதல் சொல்லையே தேட வேண்டியிருந்தது.

“தம்பி... சவரி. உன் ரத்தம் கொஞ்சம் வேணும்ப்பா. கிள்ளிக்கு.”

“உருப்படாத ரத்தம் சார். பரவால்லயா?” என்றான் சவரி. குத்தலாகச் சொன்னானா, கவலையாகக் கேட்டானா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு எழுந்து சட்டைக் கையை மடித்தான். அதற்குள்ளேயே முகம் வெளுத்துவிட்டது. “ஊசி பெருசா இருக்குமா அக்கா?”

“பெருசுதான்,” என்றாள் நிலோஃபர். பொய் சொல்ல அவளுக்கு வராது.

ஆறடி சவரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, ரத்தம் எடுத்து முடிக்கும்வரை செம்பியனின் கையை நசுக்கினான். செம்பியன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மருந்து தயாரானது. துள்ளல் நிறுத்தப்பட்டது. பேனரை யாரோ கழற்றி, மழைக்கு டீக்கடையின் மேல் போட்டார்கள். வாசலில் நின்ற கார்கள் வேறு யாரோ கண்டுபிடித்த வேறு எதையோ தேடிப் போயின. கிள்ளியின் ரத்தத்தில் சவரியின் மொண்ணைக் கத்தரிகள் மெல்லப் பெருகி, வெட்டும் இடங்களில் போய் அமர்ந்துகொண்டன. அவை எதையும் வெட்டவில்லை, எதையும் ஒட்டவில்லை. ஒரு வேலையும் செய்யாமல் ஓர் உயிரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

“போனது வருமா?” என்று செம்பியன் கேட்டார்.

“சொல்ல முடியாது சார். அழிஞ்சது அழிஞ்சதுதான். சிலது அழியாம, வழி மட்டும் அடைபட்டிருக்கலாம். ஆனா மருந்துக்குப் பத்தியம் உண்டு. புதுசா எதையும் கத்துக்கக் கூடாது. கத்துக்க ஆரம்பிச்சா தாவி முழிச்சுக்கும். புஸ்தகம் கூடாது, வயலின் கூடாது, யோசனை கூடாது. சும்மா இருக்கணும்.” பிறகு அவர் மேசையிலிருந்த ஆய்விதழ்களை எல்லாம் அள்ளிக்கொண்டு சொன்னாள்: “நீங்களும் ஊசி போட்டிருக்கீங்க. உங்களுக்கும்தான்.”

சும்மா இருப்பது அவ்வளவு எளிதல்ல என்பதைச் செம்பியன் முதல் நாளே தெரிந்துகொண்டார். அப்படித் தெரிந்துகொண்டதே பத்தியத்துக்கு விரோதமோ என்று பயந்தார். அறையில் இருந்தால் கை தானாகப் பேனாவைத் தேடியது. வீட்டில் இருந்தால் சுவர்ப் பல்லியின் நடத்தையில் ஓர் ஒழுங்கு தென்பட ஆரம்பித்தது. கடைசியில், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சாக்கில், மாலை வேளைகளில் டீக்கடைக்குப் போய் நின்றார். நின்றார் என்பதைக் கவனிக்க வேண்டும், உட்காரவில்லை. கிள்ளி சவரியின் பக்கத்தில் சுவர்மேல் இருந்தான். செம்பியனைப் பார்த்தால், “வாங்க சார்” என்பான்.

ஒரு நாள் சவரி துவைத்த சட்டை போட்டு, தலையை அழுந்த வாரியிருந்தான். கையில் ஹால் டிக்கெட்.

“அரியர் எழுதப் போறேன் சார்,” என்றான் கூச்சத்தோடு. “சும்மா எழுதிப் பாக்கலாம்னு. ஒரு ஒதவி. ஃபர்ஸ்ட் இயர் பசங்க என் எடத்துல வந்து உக்காந்துடுவானுங்க. இவனுக்குப் பக்கத்துல புது ஆள் வந்தா இவன் பேச்சுக் குடுத்து எதையாவது கத்துக்குவான். நான் வர்ற வரைக்கும் எடத்தப் பாத்துக்கங்க சார்.”

செம்பியன் அந்த இடத்தில் கைக்குட்டையை விரித்தார். காற்று அதைத் தூக்கிப் போட்டது. மறுபடி விரித்தார். மறுபடி பறந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். மேலே ஆய்வுக்கூடச் சன்னலில் யாரும் இல்லை. சுவரில் ஏறி உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை. சிறிது நேரத்தில் அது தானாக ஆட ஆரம்பித்தது.

முதலாண்டு மாணவன் ஒருவன் கையில் டீயோடு வந்தான்.

“சார், கொஞ்சம் தள்ளிக்கிட்டா...”

“ஆள் வருதுப்பா,” என்றார் செம்பியன்.

அவன் போனான். கிள்ளி கேட்டான்: “நீங்க எதுக்கு சார் இங்க உக்காந்திருக்கீங்க?”

“சும்மாதான்.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நல்லவேளை, மைக் இல்லை.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டின் வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு ஹாரன் கேட்டது. கிள்ளியின் தலை நிமிர்ந்தது. அந்த முகம் எதையோ தேடுவதைப் பார்க்கச் சகிக்காமல் செம்பியன் முந்திக்கொண்டார்.

“செங்கிப்பட்டி வண்டி.”

கிள்ளி புருவத்தைச் சுருக்கினான். ஹாரன் மறுபடி அடித்தது.

“இல்ல,” என்றான் மெதுவாக. “செங்கிப்பட்டி வண்டி தொண்ட கட்டினாப்ல இருக்கும். இது பூதலூர் வண்டி.” பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, எரிச்சலும் பிரியமுமாகச் சொன்னான்: “தெரியலன்னா சும்மா இருக்கணும்ணே.”

வளைவில் பஸ் திரும்பியது. செம்பியன் போர்டைப் பார்க்கவில்லை. அந்த ‘அண்ணே’ எந்த அண்ணே? திருவையாற்றில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணனா, டீ மாஸ்டருக்கும் வாட்ச்மேனுக்கும் கிடைக்கும் பொது அண்ணேயா? கேட்டால் தெரிந்துவிடும். கேட்க வாயைத் திறந்தார்.

பிறகு மூடிக்கொண்டு, சவரியின் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.